சந்தேகம் உள்ளவர்கள் வெளியே

என் வேலை குறை கண்டுபிடிப்பது. சொந்தக்காரர்களைக் கேட்டால் அது என் பிறவிக்குணம் என்பார்கள். நான் அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவு. டியூப்லைட்டுக்குக் கீழே நீள மேஜை. ஒவ்வொரு சட்டையாக விரித்து, காலரைத் திருப்பிப் பார்த்து, இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அளந்து, பொத்தானை இழுத்துப் பார்க்க வேண்டும். கோணல் தையல் தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர். நல்லதெல்லாம் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் ஒரே ஒரு கெட்ட சட்டை போய்விட்டாலும் வாங்குகிறவன் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமாக இருந்தால் யோசிக்காதே, வெளியே எடுத்துவிடு. நல்ல சட்டை ஒன்று வீணானாலும் போகட்டும், பெட்டி தப்பிக்க வேண்டும்.

இதே புத்தியோடுதான் ஜெபக் கூட்டத்துக்கும் போனேன். அது சரியில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, கண் தானாகப் போகிறதே. என் கணவர் எனக்குத் தோமா என்று பேர் வைத்திருந்தார். காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த சீஷன் ஒருவன் உண்டல்லவா, அந்தத் தோமா. "தோமா, டீ ஆச்சா?" "தோமா, என் ஸ்க்ரூடிரைவர எங்க ஒளிச்சு வெச்ச?" கல்யாணமான புதிதில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாத நாளில்தான், மனுஷனுக்கு என்ன வருத்தமோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் உச்சியில் கிரீஸ் கையோடு நின்றவர். நடுமாடியில் யாராவது மாட்டிக்கொண்டால் மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் கதவில் வாயை வைத்து அவர்களோடு பேச்சுக் கொடுப்பார். எந்த வீடு, என்ன சமையல், மாமியார் எப்படி என்று உள்ளே இருக்கிறவர் சிரிக்கும்வரை பேசுவார். கூட்டத்தில் கை தட்டிப் பாடுவதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேள்வியே கேட்கமாட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் வருஷக்கணக்காக ஜெபித்தார்கள். வேதத்தில் பிள்ளைக்காக ஜெபித்த பெண்கள் எல்லாருக்கும் கடைசியில் பிறந்துவிடுகிறது. ஜெபித்தும் பிள்ளை பிறக்காமலே போனவளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. நான் இதைச் சொல்லிப் புலம்பினால், "எழுதினா அந்தப் புத்தகத்த யாருடி வாங்குவா?" என்று சிரித்துவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதுகு வலி என்றார். எடை தூக்கியதால் என்று நினைத்தோம். வலி முன்பக்கம் வந்தது, கண் மஞ்சளானது, சட்டையெல்லாம் அவருக்கு ஓர் அளவு பெரிதானது. கணையத்தில் கட்டி. ஈரல்வரை போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார்கள். அங்கேயும் என் வேலையை நான் சரியாகச் செய்தேன். எங்கெங்கே குறை என்று ஒரே பார்வையில் தெரிந்தது. எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்த பிறகு டாக்டர், "இனிமே வீட்லயே வெச்சு நல்லா பாத்துக்கங்க" என்றார். டாக்டர் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வலிக்குத் தோலில் ஒட்டுகிற மருந்தும், நாக்குக்குக் கீழே விடுகிற சொட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே டயர் ஐயா வந்தார். எங்கள் பாஸ்டர். கீழே டயர் கடை, மேல்மாடியில் சபை, இரண்டையும் நடத்துகிறவர் அவர். வாரம் முழுக்க டயர் கழற்றிய விரலில் கறுப்புப் போகாது. ஞாயிற்றுக்கிழமை அதே விரலால் அப்பம் பிட்டுக் கொடுப்பார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் எனக்குப் பாவம் வரும். காணிக்கைக்கு ஆலாய்ப் பறக்கமாட்டார், தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளமாட்டார். ஜாக்கி நழுவி வண்டி காலில் இறங்கியதில் இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். எங்கள் மூன்று மாடியையும் படியேறித்தான் வந்தார். லிஃப்டில் ஏறினால் அவருக்கு மூச்சு முட்டும்.

சின்னச் சீசாவில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். என் கணவரின் நெற்றியில் தொட்டு வைத்தார்.

"சபை மூப்பர் எண்ணெய் பூசி, விசுவாசத்தோட ஜெபம் பண்ணா நோயாளி எழும்புவான்னு எழுதியிருக்கு பிரதர். எழுதினது எழுதினதுதான்."

என் வாய் சும்மா இருந்ததா? இல்லை.

"ஐயா, ஒன்னு கேக்கட்டுமா?"

"ஆரம்பிச்சுட்டா" என்றார் கட்டிலில் இருந்தவர். "ஐயா, நீங்க டீயக் குடிச்சிடுங்க. இது இப்போதைக்கு முடியாது."

"பவுல் தன்கூட வந்த ஒருத்தர நோயாவே ஒரு ஊர்ல விட்டுட்டு வந்துட்டேன்னு எழுதறாரே. அவர் கைக்குட்டையக் கொண்டுபோய்ப் போட்டாலே யார் யாருக்கோ சுகமாச்சு. கூடவே சுத்தினவனுக்கு மட்டும் ஏன் ஆகல? விசுவாசம் இல்லாதது அவனுக்கா, பவுலுக்கா?"

"ரெண்டு பேருக்கும் இருந்துச்சு சிஸ்டர். நேரம் வரல."

"இன்னொருத்தருக்கு வயித்து நோவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடின்னு வைத்தியம் சொல்றார். எண்ணெய் பூசிக்கோன்னு சொல்லல."

"அந்த வசனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார் என் கணவர். சிரித்தது வலித்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நான் நிறுத்தியிருக்கலாம். "குளத்தங்கரைல வருஷக்கணக்கா படுத்துக் கிடந்தவன எடுத்துக்கங்க. எழுந்து நடந்து போன பிறகும் தன்னச் சுகமாக்கினது யாருன்னு அவனுக்குத் தெரியாது. அவன் யார விசுவாசிச்சான்? ரத்தப்போக்கு உள்ள பொம்பளைக்கு மட்டும், உன் விசுவாசம்தான் உன்னக் காப்பாத்துச்சுங்கறார். கூரையப் பிரிச்சு இறக்கினவனுக்கு அவன் கூட்டாளிங்க விசுவாசமே போதுமானதா இருந்துச்சு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டையா இருக்கே ஐயா."

"வேதம் சட்டை இல்ல சிஸ்டர்."

"சட்டையா இருந்தா ஸ்டிக்கர ஒட்டிட்டு நிம்மதியா தூங்குவேனே. சரி, உங்க கால் ஏன் இன்னும் அப்படியே இருக்கு?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீட்டிய காலைத் தடவிக்கொண்டார்.

"பவுலுக்கு உடம்புல ஒரு முள்ளு இருந்துச்சு. எடுத்துடுன்னு கேட்டார். எடுக்கல. என் கிருபை உனக்குப் போதும்னு பதில் வந்துச்சு. என் கால அப்படித்தான் எடுத்துக்கறேன்."

"அப்ப இவருக்கு வந்திருக்கறது முள்ளா, நோயா? முள்ளுன்னா பொறுத்துக்கணும், நோய்னா எழும்பணும். அத யார் பிரிச்சுச் சொல்றது?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியல சிஸ்டர்" என்றார். "தெரியாததாலதான் ஜெபம் பண்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர் சொன்னால் கேட்கலாம் என்று தோன்றியது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

அவர் இறங்கிப் போனதும் கணவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பாவம்டி அந்த ஆளு. கால வேற கேட்டுட்ட."

"உங்களுக்கு நம்பிக்கை இருக்காங்க?"

"நீ எனக்கும் சேர்த்துச் சந்தேகப்படற. நான் உனக்கும் சேர்த்து நம்பிக்கறேன். நேர் பண்ணியாச்சு, போ. தலகாணிய சரி பண்ணு."

நான் பிழைத்துப் போனேன் என்றே நினைத்தேன். என்னால் முடியாததை வீட்டில் ஒருவர் செய்கிறார், போதும். அடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா, அதுபோல.

ஆனால் அவர் கரைந்துகொண்டே போனார். குளிப்பாட்டும்போது என் ஒரு கைக்குள் அவர் மேல்கை அடங்கியது. சூப் இறங்கவில்லை, தண்ணீரை ஸ்பூனில் விட்டேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். விழித்தால் என் கை அவருக்கு எட்ட வேண்டும்; எட்டாவிட்டால், "தோமா, எங்க?" என்பார். பாத்ரூமுக்குப் போகும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். கொஞ்சநஞ்சம் இருந்த வெட்கமும் அதோடு போயிற்று.

என் கொழுந்தன் தினமும் வந்தான். சின்னவன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பார்சல் டிப்போவில் வேலை. கோயில், சபை, ஜெபம் எதற்கும் வராதவன். அண்ணன் கூப்பிட்டால், "எனக்கும் சேர்த்து நீயே பாடிடு" என்று நழுவிவிடுவான். பழச்சாறு டப்பாக்களாக வாங்கி வந்து ஃபிரிட்ஜை நிரப்பினான். குடிக்க ஆள் இல்லை. அதை எடுத்துவிட்டு மறுநாள் வேறு டப்பா வாங்கி வருவான்.

சனிக்கிழமை உபவாச ஜெபம் வைப்பதாக டயர் ஐயா சொன்னார். சபையில் நன்றாக ஜெபிக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கே வருவார்கள், பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்கள். நான் சரி என்றேன். அந்த வாரம் யாராவது கூரையைப் பிரிக்க வேண்டும் என்றிருந்தாலும் சரி என்று சொல்லிச் சுத்தியல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

காலையில் வந்தார்கள். அறையில் இருந்த நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டு, அவர் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். எங்கள் படுக்கை அறை சின்னது. முட்டிக்கு முட்டி இடிக்கிற நெரிசல். சின்னவனும் சுவரோரமாக வந்து உட்கார்ந்தான். நான் தலைமாட்டில் இருந்தேன்.

டயர் ஐயா ஒரு பகுதியை வாசித்தார். ஜெப ஆலயத் தலைவன் ஒருவனின் பிள்ளை செத்துப்போகிறாள். வீடு முழுக்க அழுகையும் கூச்சலும். பிள்ளை தூங்குகிறாள் என்று இயேசு சொன்னதும் கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்புகிறார்.

"ஏன் வெளிய போகச் சொன்னார்?" என்று கேட்டார். "அவிசுவாசம் இருக்கற ரூம்ல அவர் அத செய்யல. நானும் இன்னிக்கு உங்ககிட்ட ஒன்னு கேக்கறேன். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. எல்லாரும் கண்ண மூடுங்க, யாரும் யாரையும் பாக்க வேண்டாம். பிரதர் எழும்புவார்னு முழு மனசா நம்ப முடியாதவங்க கைய மட்டும் தூக்குங்க. கொஞ்ச நேரம் வெளிய இருந்தா போதும். அவருக்காக அதச் செய்யுங்க."

என் மடியில் இருந்த கை கனத்தது.

நான் பொய் சொல்லியிருக்கலாம். கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பது பொய்கூட இல்லை, சும்மா இருப்பது. ஆனால் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. ஒரே ஒரு கோணல் தையலுக்காக மொத்தமும் திரும்பி வந்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை பேர் பட்டினி கிடந்து ஜெபிக்கப் போகிறார்கள், நான் ஒருத்தி உள்ளே இருந்து அதைக் கெடுத்தால்? என்னைவிடச் சந்தேகமான சரக்கு அந்த அறையில் எது? மேஜையில் இத்தனை வருஷம் செய்ததையே செய்தேன். கையைத் தூக்கினேன்.

தூக்கிவிட்டுக் கண்ணையும் திறந்து பார்த்தேன். என் புத்தி அது. வேறு ஒரு கைகூட மேலே இல்லை. சின்னவன்கூடக் கைகளைக் கோத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான். இவன் எப்போது விசுவாசியானான்? துக்கம் ஆளை மாற்றும் என்பார்கள், மாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையிலேயே நான் ஒருத்திதான் நம்பாதவள் என்று ஆனபோது எனக்கு அவமானமாக இருந்தது.

டயர் ஐயா தலையை அசைத்தார். நான் கணவரின் காதில் குனிந்தேன். மருந்து மயக்கத்தில் இருந்தார்.

"வெளிய இருக்கேங்க."

கண் பாதி திறந்தது. "எங்க போற?"

"எங்கயும் இல்ல. வாசல்லதான்."

"சீக்கிரம் வா" என்றார்.

கூட்டத்துக்கு நடுவே காலை எடுத்து வைத்துத் தாண்டி வந்தேன். யாரோ ஒரு சிஸ்டர் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள், பரீட்சையில் தோற்ற பிள்ளையைத் தட்டுவது மாதிரி. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே பாட்டு எழும்பியது.

கையில் என் புதிய ஏற்பாட்டை எடுத்து வந்திருந்தேன். ஜிப் போட்ட உறை, ஓரமெல்லாம் அழுக்கு. டயர் ஐயா வாசித்த இடத்தை எடுத்தேன். அவர் வாசித்ததில் தப்பு என்று இல்லை. கேட்டது ஒரு தரம், கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன். சிரித்தவர்களைத்தான் வெளியே போகச் சொல்லியிருந்தது. பிள்ளையின் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார் என்று பச்சையாக எழுதியிருந்தது.

அம்மா உள்ளே இருந்தாள். பிள்ளை செத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகு, அழுது முகம் வீங்கிப் போயிருந்த அம்மா. நீ நம்புகிறாயா, கையைத் தூக்கு என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டு மனுஷி என்றதும் உள்ளே வைத்துக்கொண்டார்.

எழுந்தே விட்டேன். கதவைத் திறந்து, இந்த வரியில் விரலை வைத்து, "ஐயா, இதப் பாருங்க" என்று காட்டிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். விரலை வைத்துக்கொண்டே நடந்ததில் பக்கம் புரண்டது.

அடுத்த பக்கத்தில் இயேசுவின் சொந்த ஊர். எனக்குத் தெரிந்த பகுதிதான். இதற்கு அடுத்தே இருக்கிறது என்பதை மறந்திருந்தேன். செத்த பிள்ளையை எழுப்பிய கையோடு ஊருக்கு வருகிறார். ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நோயாளிகள் சிலபேருக்குச் சுகம் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் அங்கே அவரால் செய்ய முடியாமல் போயிற்று. அவர்களுடைய அவிசுவாசத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார்.

யார் அந்த ஊர்க்காரர்கள்? கூடப் பிறந்தவர்கள், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். வீட்டு மனுஷர்கள்.

நான் கதவுக்கு முன்னால் நின்றேன். ஒரு பக்கம் போ என்றது, அடுத்த பக்கம் போகாதே என்றது. நான் உள்ளே போய், அதன் பிறகு என் கணவர் செத்தால், நான் போனதால் செத்தார் என்று ஆகும். நான் வெளியே இருந்து, அவர் பிழைத்தால், அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார நான் தேவையே இல்லை. கதவைத் திறந்துகொண்டு அவரே வருவார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் புரட்டினேன். வலிப்பு வருகிற பையனின் அப்பா. நம்புகிறேன் என்கிறான், அதே மூச்சில் என் அவநம்பிக்கைக்கு உதவி செய்யும் என்று கதறுகிறான். அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை. பையன் பிழைத்தான். அந்த மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரன்! இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டான். எனக்கு ஏன் அது வாயில் வரவில்லை? கையைத் தூக்கத் தெரிந்த எனக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லையே.

மேல்வீட்டு டீச்சரம்மா கைப்பையும் காய்கறிப் பையுமாக வந்தாள்.

"ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க? சார் எப்படி இருக்கார்?"

"உள்ள இடமில்ல" என்றேன். அது உண்மைதான்.

அவள் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே ஜெபம் கூடியது. எங்கள் சபையில் மெதுவாக ஜெபிக்கத் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில், அவரவர் குரலில், உரக்க. அதற்கு நடுவே பாட்டு, கைதட்டல். கதவில் உள்ளங்கையை வைத்தால் பலகை அதிர்வது தெரிந்தது. நான் கதவில் காதை வைத்து அவர் குரலைத் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். அத்தனை சத்தத்தில் ஸ்பூனால் தண்ணீர் குடிக்கிறவரின் குரல் எங்கே கேட்கும்? கேட்காததையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன், தூங்குகிறார் என்று. தட்டலாம் என்று கை மடக்கினேன். மடக்கிய கையை மறுபடி விரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இப்படிப் பலமுறை.

மத்தியானம் திரும்பிய நேரத்தில் பாட்டு நின்றது. அடுத்த பாட்டு வரவில்லை. கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் அமைதி என்று ஒன்று இருந்ததே இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

சின்னவன்தான் கதவைத் திறந்தான். "அண்ணி" என்றான். கதவை விட்டு விலகி நின்றான்.

அவர் நெற்றியில் எண்ணெய் மினுமினுத்தது. கை சூடாகவே இருந்தது. கட்டிலுக்கு வெளியே, நான் வழக்கமாகப் படுக்கிற பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள். இப்போது இடம் இருந்தது. சாகிறவரின் கையைப் பிடித்துக்கொள்ள விசுவாசம் எதற்கு? அவ்வளவு சின்ன வேலைக்குக்கூட என்னைத் தகுதியில்லாதவள் ஆக்கிக்கொண்டேனே, நானாகவே கையைத் தூக்கி.

அடக்கம் முடிந்த மறுநாள் டயர் ஐயா வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தேவ சித்தம் சிஸ்டர்."

"எழும்பியிருந்தா?"

"எழும்பியிருந்தா விசுவாசம்."

பூ விழுந்தாலும் அவர்களுக்கு ஜெயம், தலை விழுந்தாலும் அவர்களுக்கு ஜெயம். தோற்பதற்கு என்னைப்போல யாராவது ஒருத்தி வேண்டும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கறுப்பு விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்குள்ளதான் எங்கயோ குறைஞ்சு போச்சு சிஸ்டர். எல்லாரும் உங்களச் சொல்றாங்க. எனக்குத்தான் குறைஞ்சு போச்சு" என்று அழுதார். எல்லாரும் என்னைச் சொல்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஜெப நேரத்துக்கு மட்டும் வெளியே போனால் ஆயிற்றா, இத்தனை மாசமாக அதே வீட்டில் அவிசுவாசத்தோடு படுத்து எழுந்தவள்தானே என்று பேசிக்கொண்டார்களாம். பெட்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகும் பெட்டி என் பேரில்தான் திரும்பி வந்தது.

நான் வேலைக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்ய? சட்டைக்கு என்ன தெரியும், அது வந்துகொண்டேதான் இருக்கிறது. சின்னவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அண்ணன் போன துக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் டீ இடைவேளையில் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றான். டிப்போ சீருடையோடு, சவரம் செய்யாத முகத்தோடு. செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சுவரோரம் பழைய நூல் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனோம்.

"அண்ணி, அன்னிக்கு நானும் கை தூக்கியிருக்கணும்" என்றான்.

"நீ மாறிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு அதுல ஒரு துளி நம்பிக்கை இல்ல. வெளிய போகச் சொல்லிட்டா அண்ணன்கூட இருக்க முடியாதேன்னு சும்மா உக்காந்துட்டேன்."

"நல்ல வேலை செஞ்ச. அவருக்குன்னு நீ ஒருத்தனாவது இருந்த." மனதார்த்தான் சொன்னேன்.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். "இல்ல அண்ணி. அண்ணன் முழிச்சுக்கிச்சு."

நூல் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் சட்டையப் பிடிச்சு இழுத்துச்சு. குனிஞ்சேன். அவ எங்கன்னு கேட்டுச்சு. வெளிய இருக்காங்கன்னேன். ஏன்னு கேட்டுச்சு. நம்பிக்கை இல்லாதவங்க வெளிய இருக்கணும்னு ஐயா சொல்லிட்டார்னு சொன்னேன். அதுக்கு அண்ணன்..." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எனக்கும் இல்லடா, எனக்கு எப்பவுமே இருந்ததில்ல, அவளுக்காகத்தான் இருக்கற மாதிரி இருந்தேன், பயமா இருக்கு, அவள வரச் சொல்லுன்னுச்சு."

அவன் நிறுத்தினால் போதும் என்றிருந்தது, நிறுத்திவிடுவானோ என்றும் இருந்தது.

"நான் பயந்துட்டேன் அண்ணி. நம்பாதவன்தான் நான். ஆனா அந்த நிமிஷம், ஒருவேளை இவங்க சொல்றது நிஜமா இருந்தா? அண்ணனே நம்பிக்கை இல்லன்னு சொல்றது வெளிய கேட்டுட்டா, எல்லாம் கெட்டுப் போயிடுமோன்னு. ஐயா காதுல விழக் கூடாதுன்னு..." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நான் சத்தமா பாட ஆரம்பிச்சேன். எனக்குப் பாட்டே தெரியாது. அவங்க பாடினத அப்படியே கத்தினேன். நான் கத்தினதும் எல்லாரும் சேர்ந்து இன்னும் சத்தமா பாடினாங்க. அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு."

"எதுவரைக்கும்?" என்றேன்.

"பாட்டு முடியறவரைக்கும்."

டீ இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தது. அவன் என்னிடம் அடி வாங்கத்தான் வந்திருந்தான். அதற்காகவே கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். என்னால் கை தூக்க முடியவில்லை. அன்று திடீரென்று உள்ளே சத்தம் கூடிய அந்தப் பாட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது கேட்டதும் உள்ளே ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்தேன். என்னாலானது இதுவாவது இருக்கட்டும் என்று, படிக்கட்டில் உட்கார்ந்தபடியே, கடைசி அடிவரை நானும் உரக்கச் சேர்ந்து பாடினேன்.